பவுடர் கோட்டிங் பெட்டி

"பொட்டி எப்படி?" என்று கேட்டுவிட்டு முஸ்தபா கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் அண்ணன் நிற்பானே, அப்படி ஒரு நிற்பு.

"அழகா இருக்கு மச்சான்" என்றாள் அவன் மனைவி அஜீசா.

பொய் இல்லை. ஹாலில் டிவிக்கு மேலே, சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி. பால் வெள்ளையில் பவுடர் கோட்டிங். காற்று போக இரண்டு பக்கமும் மிளகு அளவில் வரிசை வரிசையாக ஓட்டைகள். கதவின் மேல் வெல்டிங் கம்பியாலேயே எழுதிய ஓர் 'அ'. பூட்டு கதவோடு கதவாகப் பதிந்திருந்தது. உள்ளே, போன வாரம் பிராட்பேண்ட்காரர் வந்து வைத்துவிட்டுப் போன ரவுட்டர், கொம்பை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அந்த 'அ' எதுக்கு?"

"உன் பேர்தான். முழுசும் எழுதலாம்னு பார்த்தேன். 'ஜீ' போடறப்ப கம்பி தீஞ்சு போச்சு."

முஸ்தபாவுக்குத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட். கேட், கிரில், மீட்டர் பெட்டி என்று ஊருக்கெல்லாம் செய்கிறவன் வீட்டை மட்டும் விட்டுவிடுவானா? வீட்டில் எது ஆடினாலும் அதற்கு ஒரு ஸ்டாண்டு, எது திறந்து கிடந்தாலும் அதற்கு ஒரு மூடி. மனைவிக்கு மல்லிகைப் பூ வாங்கி வரும் கணவர்களைப் பற்றி அஜீசா கேள்விப்பட்டிருக்கிறாள். இவன் கேஸ் சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு கொண்டுவருவான். அதைக் கொடுக்கும்போது முகத்தில் மல்லிகைப் பூ இருக்கும்.

பெட்டிக்குக் காரணம் இஃப்ரா. எல்கேஜி போகிற அந்தப் பெண், ரவுட்டரின் முதுகில் இருந்த பொடி ஓட்டையில் தன் ஹேர்பின்னை விட்டுக் குடைந்ததில், பிராட்பேண்ட்காரர் செய்துவிட்டுப் போனதெல்லாம் அழிந்து, அவர் மறுபடி வர வேண்டியதாகிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால வர முடியாதுங்க, ராஜகீழ்ப்பாக்கம் பூரா இப்பதான் கனெக்ஷன் குடுத்துக்கிட்டிருக்கோம்" என்று அவர் சலித்துக்கொண்டதை முஸ்தபா மனதில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையே பெட்டி வந்துவிட்டது.

"உனக்கு நாளைக்கு முக்கியமான நாள். எந்தப் பேஜாரும் வரக்கூடாது" என்று சொல்லிப் பூட்டினான்.

நாளைக்கு முக்கியமான நாள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அஜீசா குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்ஷனில் இருந்தவள். கல்யாணம், இஃப்ரா என்று அது நின்றுபோயிற்று. சும்மா இருக்கிறாள் என்று யாரும் அவளைச் சொல்லவில்லை. அவளேதான் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் தன்னைத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் ஒரு கம்பெனி மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் கற்றுக்கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை தருகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தாள். அமெரிக்காவில் ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றி வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தக் குரல் இங்கே வந்து சேரும். காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பியனுப்ப வேண்டும். காலுக்கு ஒரு பெடல் உண்டு, தையல் மெஷினுக்கு இருப்பது போல. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். அஜீசாவுக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

பயிற்சி கொடுத்த ரத்தினபாய் மேடம் கடைசி நாள் சொல்லியிருந்தார்:

"வீட்டுல நெட் நல்லா இருக்கணும்மா. திங்கக்கிழமை காலைல ட்ரயல் ஃபைல் வரும். மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள திரும்பி வந்துடணும். வரலைன்னா அடுத்த பேட்ச்ல பார்க்கலாம்."

"அடுத்த பேட்ச் எப்போ மேடம்?"

"அது எனக்கே தெரியாது."

திங்கட்கிழமை. முஸ்தபா ஷெட்டுக்குப் போயாயிற்று, இஃப்ரா பள்ளிக்கூடம் போயாயிற்று. அஜீசா பின்னறையில் லேப்டாப்பைத் திறந்தாள். ரியாத்திலிருந்து முஸ்தபாவின் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த பழைய லேப்டாப். ஒயர் செருகும் இடம் கெட்டுப்போயிருந்தது, வைஃபை மட்டும் வேலை செய்யும். போன வாரமெல்லாம் வைஃபை கோடுகள் அஞ்சும் நிமிர்ந்து நின்றன. இன்றைக்கு ஒரே ஒரு கோடு, அதுவும் எழுந்து நிற்கலாமா உட்காரலாமா என்று யோசித்தபடி.

ஃபைல் வந்திருந்தது. இறக்கினாள். நத்தை ஊர்ந்தது. பாதி வந்ததும் நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி முதலிலிருந்து வந்தது. கால்வாசியில் கோடு காணாமல் போயிற்று.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். நெடுநேரம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மோடத்துல லைட் எரியுதுங்களா மேடம்?"

அஜீசா நாற்காலி மேல் ஏறி, பெட்டியின் ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "எரியுது. எல்லாம் பச்சை."

"அப்ப லைன்ல பிராப்ளம் இல்ல மேடம். வைஃபைதான் வீக்கா இருக்கும். பக்கத்துல மீன் தொட்டி இருக்கா?"

"இல்லங்க."

"மைக்ரோவேவ்?"

"இல்ல."

"பெரிய கண்ணாடி, ஃப்ரிட்ஜ்?"

"அதெல்லாம் வேற பக்கம் இருக்கு."

"தரையில வெச்சிருக்கீங்களா?"

"இல்லங்க, நல்ல உசரத்துல. ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கோம்."

"எல்லாம் கரெக்டாதான் பண்ணியிருக்கீங்க மேடம். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டாள். பெட்டிக்குள் பச்சை அணைந்து வந்தது. லேப்டாப்பில் அதே ஒற்றைக் கோடு.

படியில் செருப்புச் சத்தம். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா தபீதாள். பள்ளிக்கூட டீச்சர், பரீட்சை பேப்பர் திருத்த லீவு போட்டிருந்தார். பேப்பர் திருத்துகிறவர்களுக்குக் கீழே இறங்கிவர ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

"என்னா அஜீசா, டாக்டர் பேசினாரா?"

"அவர் இன்னும் வந்தே சேரலக்கா."

"என் வீட்டுக்காரர் செல்போனைத் தூக்கிக்கினு மொட்டை மாடில சுத்துவாரே, அந்த மாதிரி சுத்திப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. தபீதாள் லேப்டாப்பை இரண்டு கையிலும் சீர்த்தட்டு மாதிரி ஏந்திக்கொண்டார். பின்னாலேயே அஜீசா. சமையலறையில் கோடே இல்லை. படிக்கட்டில் ஒன்று வந்தது, இருமுவதற்குள் போயிற்று. குளியலறை வாசலில் இரண்டு.

"இங்க ரெண்டு. இங்கயே உக்காந்து வேலை பார்ப்பியா?"

"அக்கா, நீங்க வேற."

"சொல்லிப் பார்த்தேன். ஹால்ல பொட்டிக்கு நேர் கீழ உக்காரு. கிட்டக்க இருந்தா வரத்தானே வேணும்?"

நேர் கீழே உட்கார்ந்தாள். ஒரு கோடு. தலைக்கு நேர் மேலே ரவுட்டர், கண் சிமிட்டிக்கொண்டு. "இவ்வளவு கிட்டக்க இருந்துகிட்டு இது ஏன் இப்படிப் பண்ணுது?" என்றாள் அஜீசா. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, பார்த்தாள். பதினொன்றரை தாண்டியிருந்தது. குரல் வந்து சேர்ந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் அடித்துவிடுவாள். வந்து சேர வேண்டுமே.

"உன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடு" என்றார் தபீதாள்.

"அவருக்கு நெட் பத்தி என்னக்கா தெரியும்?"

"தெரியாட்டி என்ன, திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

போட்டாள். கிரைண்டிங் மெஷின் அலறலுக்கு நடுவே முஸ்தபாவின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"என்ன... கேக்கல... இரு... வெளியே வரேன்... ஆங், இப்ப சொல்லு."

"ஃபைல் இறங்க மாட்டேங்குது மச்சான். நீங்க பேசறதும் விட்டு விட்டுத்தான் வருது. இன்னைக்கு எல்லாமே இப்படித்தானா?"

"இது எப்பவும் இருக்கறதுதானே. ஷெட்டுக்குள்ள எங்க டவர் கிடைக்குது? சுத்தித் தகரம், மேலயும் தகரம். சிக்னல் எப்படி உள்ள வரும்? வெளிய வந்தாதான் பேச்சே."

அஜீசா நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள்.

"அலோ? அஜீ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அதைத் திருப்பிச் சொல்லுங்க."

"எதை?"

"சுத்தி என்னன்னு சொன்னீங்க?"

"தகரம்."

"நம்ம பொட்டி எதுல செஞ்சீங்க மச்சான்?"

"அதைப் போய் தகரம்னு சொல்லாத. அது பதினெட்டு கேஜ் ஷீட்டு. மழையே பெஞ்சாலும், இடியே விழுந்தாலும், உள்ள ஒண்ணும்..." என்று கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்த குரல் நின்றது. எங்கோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓட்டை போட்டிருக்கேனே" என்றான் பிறகு. குரல் சின்னதாகிவிட்டது.

"உங்க ஷெட்டுலயும்தான் ஜன்னல் இருக்கு."

"இருக்கு."

"அதுல டவர் வருதா?"

"வரல."

தபீதாள் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"சரி, சாவி எங்க?"

"என்கிட்ட. கொத்துல."

"இன்னொரு சாவி?"

"அதுவும் கொத்துலதான். இஃப்ரா கைல கிடைச்சிடக் கூடாதுன்னு..."

"மச்சான்."

"கிளம்பி வந்துடறேன். வண்டிதான் சர்வீஸ்ல கிடக்கு. பஸ் புடிச்சு, பல்லாவரத்துல மாறி வந்தா... ரெண்டு மணி ஆயிடுமே."

"பூட்டை உடைச்சிடறேன்."

"நீயா? அந்தப் பூட்டையா? திருடனாலயே முடியாது."

"எந்தத் திருடன் மச்சான் ரவுட்டர் திருட வரான்?"

போனுக்குப் பின்னால் இன்னொரு குரல் நுழைந்தது. ஷெட்டில் வெல்டர் தட்சிணாமூர்த்தி. "இன்னா பாய், வூட்ல இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லடா, நீ உள்ள போ."

"பொட்டி தொறக்கணுமா? கீலு பின்னு சும்மாதானே சொருகிக்கீது. தட்னா வந்துரும்."

"உள்ள போன்னு சொன்னேன்ல."

"நீதானே பாய் சொன்ன, கதவு தனியா கோட்டிங் போவணும், பின்னுக்கு வெல்டு வெக்காத, அப்பால பாத்துக்கலாம்னு. நான் அப்பவே கேட்டேன்..."

அஜீசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மச்சான், பின்னு லூஸா?"

திருடனால் முடியாத பெட்டிக்கும் மனைவியின் வேலைக்கும் நடுவில் நின்று ஒரு மனுஷன் யோசித்தான்.

"லூஸ்னு சொல்லாத" என்றான் முஸ்தபா கடைசியில். "வெல்டு வெக்கல, அவ்வளவுதான். ஒரு நீட்டு ஆணி எடுத்துக்கோ. சுத்தியல் இருக்கா?"

"நம்ம வீட்டுல சுத்தியல் என்னைக்கு இருந்துச்சு? எல்லாம் ஷெட்டுலதானே கிடக்கு."

"இரும்புக்காரர் வீட்டுல சுத்தியல் இல்லியாம்" என்று தபீதாள் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இஞ்சி தட்டற கல் இருக்கு."

"அது போதும். கீலுக்குக் கீழ ஆணியை வெச்சு, மேலாக்க தட்டு."

அஜீசா நாற்காலி மேல் ஏறினாள். ஒரு கையில் ஆணி, ஒரு கையில் கல். போனைத் தபீதாள் வாங்கிக்கொண்டார். வகுப்பெடுத்துப் பழகிய குரல். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொன்னார்.

"மெதுவா தட்டணுமாம். பெயிண்ட் உதிருமாம்."

"உதிரட்டும்னு சொல்லுங்க."

"உதிரட்டுமாம் பாய்... என்னமோ சொல்றார், கேக்கல. பெருமூச்சு விடறார்னு நினைக்கறேன்."

டங். ஆணி வழுக்கிச் சுவரில் ஒரு கோடு கிழித்தது.

"இப்ப என்ன சத்தம்னு கேக்கறார்."

"சுவருதான் அக்கா. உங்க சுவரு."

"என் சுவரா?" தபீதாள் ஒரு விநாடி வீட்டுக்காரம்மாவாக மாறிப் பார்த்தார், பிறகு மனசை மாற்றிக்கொண்டார். "பரவால்ல, தட்டு. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கறதுதான்... பாய், என்ன? ஓ. அஜீசா, ஆணியை நேரா புடிக்கணுமாம், சாய்க்காத."

டங். டங். பின் மேல்நோக்கி ஒரு நெல்லளவு எழுந்தது. இன்னொரு தட்டில் ஒரு விரலளவு. அஜீசா கல்லை நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வெண்ணெயில் கத்தி வருவது போல வந்தது.

"வந்துடுச்சு பாய்" என்றார் தபீதாள். "என்னா? இவ்வளவு சீக்கிரமாவான்னு கேக்கறார். வருத்தப்படற மாதிரி இருக்கு."

கீழ்ப் பின்னும் வந்தது. பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு அந்தப் பக்கத்திலிருந்து திறந்துகொண்டது. அஜீசா ரவுட்டரை ஒயரோடு வெளியே எடுத்து, பெட்டியின் தலைமேலேயே உட்கார வைத்து, மடங்கிக் கிடந்த கொம்பை நிமிர்த்திவிட்டாள். நாற்காலியை விட்டுக் குதித்து லேப்டாப்பைப் பார்த்தாள்.

அஞ்சு கோடும் நின்றன.

"அக்கா, இறங்குது. பாதி தாண்டிடுச்சு. அக்கா, முழுசும் வந்துடுச்சு."

"போனை நான் வெச்சுடட்டுமா பாய்?" என்று தபீதாள் கேட்டார். "வந்துடுச்சாம். ஆமா, உங்க பொட்டிதான். ஆமா, பார்க்க ரொம்ப அழகாதான் இருக்கு. அதை யாரும் இல்லேன்னு சொல்லல."

அதன் பிறகு அஜீசா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இஃப்ராவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்து மாடியிலேயே வைத்துக்கொள்வதாகத் தபீதாள் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். காதில் ஹெட்போன், காலடியில் பெடல்.

மிதித்தாள். டாக்டர் பேசினார். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர். வயிற்று வலியோடு வந்த ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனவர், நடுவில் 'இலியம்' என்றார். அஜீசாவின் கால் தானாக எழுந்தது. குடலிலும் ஓர் இலியம் உண்டு, இடுப்பெலும்பிலும் ஓர் இலியம் உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்று, எழுத்துக்கு வேறு வேறு. தப்பாக அடித்தால் கிழவருக்கு வலி வயிற்றிலிருந்து இடுப்புக்கு மாறிவிடும். கிழவருடைய வலி சாப்பிட்டால் அதிகமாகிறது என்று மேலே வந்திருந்தது. இடுப்பெலும்புக்குச் சாப்பாடு பற்றி என்ன கவலை? குடலைப் போட்டுவிட்டு மறுபடி மிதித்தாள்.

முடித்து, முதலிலிருந்து ஒருமுறை கேட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். போயிற்று என்று வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். போயேவிட்டது. அதற்குப் பிறகுதான் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு அடிக்க இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது.

போன் அடித்தபோது பாதி டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தாள்.

"ரத்தினபாய் பேசறேம்மா. ஃபைல் பார்த்தேன். இலியம் சரியா போட்டிருக்க. இந்த பேட்ச்ல எல்லாரும் இடுப்பைத்தான் போட்டாங்க."

"மேடம்."

"இன்னும் ரெண்டு ஃபைல் அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

"முடியும் மேடம். மேடம்... நான் பாஸா?"

"ட்ரயல்ல இருக்கறவங்களுக்கு நான் ரெண்டாவது ஃபைல் அனுப்பறதில்லம்மா" என்று சொல்லிவிட்டு ரத்தினபாய் மேடம் வைத்துவிட்டார்.

வாசலில் கேட் திறந்தது. வியர்த்து விறுவிறுத்து, சாவிக் கொத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி முஸ்தபா வந்துகொண்டிருந்தான். இஃப்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு தபீதாள் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"லேட் பாய். எல்லாம் முடிஞ்சுது."

முஸ்தபா ஹாலில் நின்று மேலே பார்த்தான். பூட்டிய பூட்டில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த கதவு. அதில் ஒருக்களித்துச் சாய்ந்த 'அ'. பெட்டிக்கு மேலே சிம்மாசனத்தில் இருப்பது போல ரவுட்டர்.

"பெயிண்ட் அவ்வளவா உதிரல" என்றான். யாருக்கு ஆறுதல் சொன்னான் என்பது தெரியவில்லை.

"அந்தப் பொட்டி இனிமே உங்களுக்கு வேண்டாம்ல?" என்று தபீதாள் கேட்டார்.

"எதுக்கு டீச்சர்?"

"என் வீட்டுக்காரர் செல்போனை அதுல போட்டுப் பூட்டிடறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது சர்ச்சுல கம்முனு உக்காரட்டும். பின்னுக்கு மட்டும் வெல்டு வெச்சுக் குடுங்க."

முஸ்தபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பின்னறைக் கதவைத் தள்ளினான். "அஜீ, என்ன சொன்னாங்க? ஓகேவா? நான் பல்லாவரத்துல பஸ்ஸைத் துரத்திக்கினு..."

அஜீசா திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, பேசாதே என்று காட்டினாள். அடுத்த டாக்டர் வந்தாயிற்று. இவர் வேகமாகப் பேசுகிறவர். ஒரு பெண்மணியின் முழங்காலைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

முஸ்தபா குரலைத் தாழ்த்தினான். "ஓகேதானே?"

அவள் தலையாட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் மட்டும் திரையில்.

"சோறு?" என்று வாயசைத்துக் கேட்டான்.

விரல் சமையலறையைக் காட்டியது. அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய், தட்டு சத்தம் போடாமல் எடுத்து, தானே பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே அஜீசா காலை அழுத்தினாள். டாக்டர் மேலே பேசினார்.